அபுதாபி ஷேக் சயீத் பள்ளிவாசல்: வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை போனபோது நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். கூட்டத்தோடு நடந்தேன், வெள்ளை மண்டபங்களைப் படம் எடுத்தேன், பெரிய சரவிளக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அங்கேயே இலவசமாக நடத்தும் வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்துகொண்டேன். அதே தூண்கள், அதே கம்பளம். ஆனால் முதல் தடவை நான் எதையுமே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் அபுதாபிக்கு அழைத்துப் போய், வழிகாட்டி இருக்கும் நேரம் பார்த்துத்தான் உள்ளே கூட்டிப் போகிறேன்.

துபாய்க்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு நாளை அபுதாபிக்கு ஒதுக்குவார்கள். அந்த ஒரு நாளில் இந்தப் பள்ளிவாசலுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் கொடுங்கள். அதை எப்படிச் செலவிடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். அப்போது போவதானால் சூரியன் இறங்கிய பிறகு போங்கள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல் வேண்டாம். அது ஜும்ஆ தொழுகை நேரம், பார்வையாளர்களை விட மாட்டார்கள். மற்ற நாட்களில் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும். ரமலானில் நேரமே மாறிவிடும். அந்த மாதத்தில் நோன்பு திறக்க தினமும் பல்லாயிரம் பேருக்கு இங்கே இலவச உணவு பரிமாறுகிறார்கள். வேலை முடிந்து வரிசையாக வந்து உட்காரும் தொழிலாளர்களில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். எப்படியிருந்தாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளிவாசலின் இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இதுதான்: சூரியன் மறைவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் வாசலில் இருக்க வேண்டும். டிசம்பரில் ஐந்தரையை ஒட்டி மறையும், ஜூனில் ஏழைத் தாண்டிவிடும். இப்படிப் போனால் பகல் வெளிச்சத்தில் பளிங்கையும், மறையும் வெயிலில் மண்டபத்தையும், இருட்டிய பிறகு சுவர்களில் படரும் விளக்கொளியையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். மாலையில் கூட்டம் அதிகம்தான். கூட்டம் பிடிக்காதவர்கள் காலையில் திறந்தவுடன் போய்விடலாம்.

முன்பதிவு: ஒரு திர்ஹம்கூடக் கொடுக்க வேண்டாம்

நுழைவு இலவசம், வழிகாட்டிச் சுற்றும் இலவசம். ஆனால் பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். ஷேக் சயீத் கிராண்ட் மாஸ்க் சென்டரின் இணையதளத்தில் தேதி, நேரம், எத்தனை பேர் என்று கொடுத்தால் மின்னஞ்சலுக்கு ஒரு கியூஆர் கோடு வரும். அதை போனில் சேமித்து, ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். வாசலில் நெட் கிடைக்காமல் தடுமாறுபவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

இணையத்தில் தேடினால் டிக்கெட் என்று பணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். அவை வண்டி, ஆள், சாப்பாடு எல்லாம் சேர்த்து விற்பவை. வண்டி வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குள் போவதற்கு மட்டும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவு செய்யும்போதே அன்றைக்கு வழிகாட்டிச் சுற்று எத்தனை மணிக்கு என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு நாளில் சில வேளைகளில்தான் இருக்கும். அரபியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆங்கிலம் அவ்வளவாகப் பழக்கமில்லாத பெரியவர்கள் கூட வந்தால், காதோடு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்திலேயே நடக்க வேண்டும். அந்த வேலை எப்போதும் எனக்குத்தான், சந்தோஷமாகச் செய்வேன்.

உடை விஷயத்தில் சமரசம் இல்லை

வாசலில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் உடைக்காகத்தான். ஆண்களுக்கு அரைக்கால் சட்டை கூடாது, கையில்லாத பனியன் கூடாது. பேன்ட், சட்டை போதும். பெண்களுக்குக் கைமணிக்கட்டு வரை, கணுக்கால் வரை மூடிய தளர்வான உடை, தலையில் முக்காடு. இறுக்கமான லெக்கிங்ஸ், மெல்லிய துணி, கிழிந்த ஜீன்ஸ் எதுவும் ஆகாது.

முழுக்கை சல்வார், பெரிய துப்பட்டா என்றால் கவலையே இல்லை. புடவையில் இடுப்பும் கையும் தெரியும் என்பதால் மேலே ஒரு அபாயா (உடல் முழுக்க மூடும் தளர்வான மேலங்கி) போட்டுக்கொள்வதே நல்லது. கையில் இல்லையென்றால் நுழைவாயில் கடைத்தெருவிலேயே விற்கிறார்கள், ஆனால் வெளியே வாங்குவதைவிட விலை கூடுதல். வழுக்கும் பட்டு, ஷிபான் முக்காடு வேண்டாம். பருத்தித் துணி தலையில் நிற்கும். ஓரத்தில் இரண்டு ஊக்கு குத்திவிட்டால் கையை விட்டு நிம்மதியாகப் பார்க்கலாம். கம்பளத்தில் கால் வைக்கும் இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதாகப் போட்டு வாருங்கள். காலுறையும் இருந்தால் நல்லது.

போய்ச் சேருவது

துபாயிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இப்னு பதூதா நிலையத்திலிருந்து ஈ101, அல் குபைபாவிலிருந்து ஈ100 பேருந்துகள் அபுதாபி மத்திய நிலையத்துக்குப் போகின்றன. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: பள்ளிவாசல் இருப்பது நகரத்துக்குள் நுழையும் பாலங்களின் அருகில். பேருந்து நகரத்தின் உள்ளே போய் இறக்கிவிடும், அங்கிருந்து டாக்ஸியில் திரும்பி வர வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் துபாயிலிருந்தே கார் எடுப்பது லாபம்.

பார்வையாளர்கள் நுழைவது சூக் அல் ஜாமி என்ற கடைத்தெரு வழியாக. அங்கே கழிப்பறை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் உண்டு. உள்ளே சாப்பிடக் கூடாது, அதனால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கியூஆர் கோடைக் காட்டி, பையைச் சோதனைக்கு விட்டு, நிலத்தடிப் பாதையில் நடக்க வேண்டும். நகரும் நடைபாதை இருந்தாலும் தூரம் கொஞ்சம் அதிகம்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மின்வண்டியும் சக்கர நாற்காலியும் உண்டு. கூச்சப்படாமல் ஊழியரிடம் கேளுங்கள், உதவுவார்கள்.

வழிகாட்டிச் சுற்று எங்கே தொடங்கும் என்பதைச் சோதனை முடிந்ததுமே கேட்டுவிடுங்கள். பத்து நிமிடம் முன்னால் போய் நின்றால் முன்வரிசையில் இடம் கிடைக்கும்.

வழிகாட்டியோடு நடக்கும்போது எதைப் பார்ப்பது

வழிகாட்டிகள் பலர் அமீரகத்து இளைஞர்கள், இளம்பெண்கள். மெதுவாக, மரியாதையாகப் பேசுவார்கள். அவர்கள் பேசும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். படம் எடுக்க ஓடினால் பாதிக் கதை போய்விடும்.

கட்டடத்தின் வரலாறு முதலில் வரும். அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் சயீத் கட்டச் சொன்னது. 1996ல் வேலை தொடங்கி 2007ல் திறந்தார்கள். அவர் 2004 நவம்பரில் காலமானார், முடிந்த கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. பள்ளிவாசலை ஒட்டியே அவரது அடக்கத்தலம் இருக்கிறது. அங்கே இரவும் பகலும் குர்ஆன் ஓதிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள், படம் எடுக்கத் தடை உண்டு.

82 குவிமாடங்கள், 107 மீட்டர் உயரத்தில் நான்கு மினாராக்கள், ஏறக்குறைய 40,000 பேர் தொழ இடம். இந்த எண்களைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தூணுக்குப் பக்கத்தில் போங்கள். வெளி மண்டபங்களில் ஆயிரத்துக்கும் மேல் தூண்கள். வெள்ளைப் பளிங்கைக் குடைந்து வண்ணக் கற்களைப் பதித்துக் கொடிகள் ஏற்றியிருக்கிறார்கள். நீலம் தெரிவது லாபிஸ் லசூலி, ஊதா தெரிவது செவ்வந்திக் கல், அப்புறம் சிவப்பு அகேட், பளபளக்கும் சிப்பி ஓடு. விரலால் தடவக் கூடாது, ஆனால் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கலாம். கல்லும் பளிங்கும் சேரும் கோட்டில் மயிரிழைகூட இடைவெளி தெரியாது. தூணின் தலையில் பேரீச்ச மரத்தின் மட்டைகள் விரிந்தது போலத் தங்க நிறத்தில் வேலைப்பாடு. பாலைவனத்து மரத்தைத் தூணாக நட்டு வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டால், அந்த நீண்ட மண்டபமே ஒரு தோப்பாகத் தெரியும்.

சிப்பியை அவர்கள் விரும்பிப் பதித்ததற்குக் காரணம் உண்டு. எண்ணெய் வருவதற்கு முன்னால் இந்தக் கரையோர மக்களுக்குச் சோறு போட்டது முத்துக்குளித்தல். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்தது, உலகப் பொருளாதாரமும் சரிந்திருந்தது. முத்து வியாபாரம் விழுந்தது, வீடுகள் பசியில் வாடின. 1962ல்தான் அபுதாபியிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் போனது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

அடுத்து முற்றம். 17,000 சதுர மீட்டருக்கு மேல் வெள்ளைப் பளிங்கு, அதில் பிரிட்டிஷ் ஓவியர் கெவின் டீன் வரைந்த பூங்கொடிகள் வண்ணப் பளிங்குத் துண்டுகளாகப் படர்ந்திருக்கும். நடுவில் இறங்கி நடக்க விட மாட்டார்கள், மண்டபத்திலிருந்தே பார்க்க வேண்டும். அதுவே நல்லது, ஓரத்திலிருந்து பார்த்தால்தான் கொடி எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று கண்ணால் பின்தொடர முடியும். குளிர்க்கண்ணாடி கொண்டுவாருங்கள், மதிய வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூசும்.

பிரதான தொழுகைக் கூடத்தில் எல்லாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். ஜெர்மனியில் செய்த சரவிளக்கு, 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம், 12 டன் எடை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் என் அனுபவத்தில் கூடத்தின் உயிர் காலடியில் இருக்கிறது.

அந்தக் கம்பளம் 5,627 சதுர மீட்டர். ஈரானின் கலைஞர் அலி காலிகி வடிவமைத்தது. 1,200 பேர் அளவில் கையால் முடிச்சுப் போட்டு நெய்தார்கள். 35 டன் கம்பளியும் 12 டன் பருத்தியும் போயிருக்கிறது. முடிச்சுகளின் எண்ணிக்கை 226 கோடிக்கு மேல். ஒரே துண்டாகத் தெரிந்தாலும், துண்டுகளாக விமானத்தில் வந்து இங்கேதான் இணைத்துத் தைத்தார்கள்.

பெரியம்மாவை அழைத்துப் போன அன்று அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. பத்தமடைப் பக்கத்துக்காரர், சின்ன வயதில் கோரைப் பாய்த் தறிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். குனிந்து கம்பளத்தையே பார்த்தார். “ஏல, இத எத்தன பேரு நெய்ஞ்சிருப்பாவ, கேட்டுச் சொல்லு” என்றார். கேட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், அடுத்துக் கேட்டது: “நடுநடுவுல மட்டும் கொஞ்சம் மேடா ஒரு கோடு ஓடுதே, அது என்னத்துக்கு?”

வழிகாட்டிப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியில் அத்தனை மகிழ்ச்சி. தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நேர்வரிசையில் நிற்க வேண்டும். வரிசைக்காகப் பளிச்சென்று கோடு போட்டால் பூ வேலைப்பாடு கெட்டுவிடும். அதனால் கம்பளியைக் கத்தரிக்கும்போதே உயரத்தில் சிறு வேறுபாடு விட்டு வரிசையை உண்டாக்கியிருக்கிறார்கள். நிற்பவருக்குத் தெரியும், தூரத்திலிருந்து படம் எடுப்பவருக்குத் தெரியாது. எத்தனையோ தடவை போயும் நானாகக் கவனிக்காத கோடு அது. நீங்கள் போகும்போது கூடத்தின் ஓரத்தில் நின்று, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்ந்து பாருங்கள், தெரியும்.

கூடத்துக்குள் 96 தூண்கள், பளிங்கில் சிப்பி பதித்தவை. எதிரே கிப்லா சுவர், மக்காவில் கஅபா இருக்கும் திசையைக் காட்டுவது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களைப் போலவே இங்கும் தொழுபவர்கள் மேற்கு நோக்கித்தான் நிற்கிறார்கள். 50 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரமுள்ள அந்தச் சுவரில் இறைவனின் 99 திருநாமங்கள் கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில், ஒவ்வொன்றும் ஒரு பூவுக்குள். எழுதியவர் அமீரகத்துக் கையெழுத்துக் கலைஞர் முகம்மது மந்தி அல் தமீமி. சுவருக்குள் ஒளியிழை ஓட்டியிருப்பதால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நடுவில் மிஹ்ராப், தொழுகை நடத்தும் இமாம் நிற்கும் மாடம், தங்க நிறத்தில் அலை அலையாக. சொர்க்கத்தில் தேனும் பாலும் ஆறாக ஓடும் என்ற குர்ஆன் வசனத்தை நினைவூட்டும் வேலைப்பாடு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

சுவரில் உள்ள பெயர்களில் ஒன்றிரண்டைப் படித்துப் பொருள் சொல்லும்படி கேளுங்கள். அர்ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளன் என்று அந்தச் சுவரின் முன்னாலேயே நின்று கேட்பது வேறு அனுபவம். கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். பெண்கள் எங்கே தொழுகிறார்கள், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளுவை எங்கே செய்கிறார்கள், இமாமின் குரல் கடைசி வரிசைக்கு எப்படிப் போகிறது, எதைக் கேட்டாலும் சொல்வார்கள். தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டால் மதத்தைப் பற்றிய கேள்விக்கும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பாங்கு சொன்னால்

இது ஐந்து வேளையும் தொழுகை நடக்கும் இடம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்ததும் பேச்சை நிறுத்துங்கள், நடையை மெதுவாக்குங்கள். தொழுகை நேரத்தில் கூடத்துக்குள் பார்வையாளர்களை விட மாட்டார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காத்திருப்பை வீணான நேரமாக நினைக்காதீர்கள். மண்டபத்தின் ஓரமாக அமைதியாக நில்லுங்கள். முஸ்லிம் பயணிகள் தொழ விரும்பினால் காவலரிடம் சொன்னால் போதும், வழி காட்டுவார். தொழுபவர்களின் முன்னால் குறுக்கே நடக்கவோ அவர்களைப் படம் எடுக்கவோ கூடாது.

படம் எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. சாதாரணமாக நின்று எடுத்துக்கொள்ளலாம். கட்டிப்பிடிப்பது, படுப்பது, குதிப்பது, விரலால் சைகை காட்டுவது எதுவும் வேண்டாம். ஊழியர்கள் வந்து நிறுத்தச் சொல்வார்கள், சில சமயம் படத்தை அழிக்கவும் சொல்வார்கள். கணவன் மனைவி கை கோத்துப் போஸ் கொடுப்பதும் தவிர்க்க வேண்டியதே. முக்காடு நழுவினால் மென்மையாக நினைவூட்டுவார்கள். கோபப்படாமல் சரி செய்துகொள்ளுங்கள், அவர்கள் வேலையைத்தான் செய்கிறார்கள்.

சுற்று முடிந்ததும் போய்விடாதீர்கள்

வழிகாட்டி விடைபெற்றதும் பலர் வாசலைப் பார்த்து நடப்பார்கள். நீங்கள் மண்டபங்களைச் சூழ்ந்திருக்கும் நீர்த்தடாகங்கள் பக்கம் வாருங்கள். சூரியன் இறங்கும்போது தூண்களின் தங்க மட்டைகள் தண்ணீரில் தலைகீழாக நீளும். காற்று அடங்கிய மாலையானால் எது கல், எது நிழல் என்று சொல்ல முடியாது.

இருட்டியதும் வெளிச்சுவர்களில் மேகம் நகர்வது போல விளக்கொளி படரும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜோனதன் ஸ்பியர்ஸ், மார்க் மேஜர் என்ற ஒளி வடிவமைப்பாளர்கள் இதை நிலவின் பிறையோடு இணைத்திருக்கிறார்கள். பௌர்ணமியில் சுவர் தூய வெள்ளையாக இருக்கும். நிலவு தேயத் தேய நீலம் ஏறிக்கொண்டே போய், அமாவாசையை ஒட்டி ஆழ்ந்த நீலமாகிவிடும். கிளம்புவதற்கு முன் நாள்காட்டியில் அன்றைய திதியைப் பார்த்துக்கொண்டு போனால், எந்த நிறத்தில் பார்க்கப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் பௌர்ணமியைவிடத் தேய்பிறை நாட்களையே விரும்புகிறேன்.

இன்னும் அரை மணி நேரம் கையில் இருந்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வாஹத் அல் கராமாவுக்கு ஒரு டாக்ஸி எடுங்கள். அமீரகத்தின் உயிர்த்தியாகிகளுக்காக 2016ல் திறந்த நினைவிடம். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் 31 பெரிய பலகைகள், அதற்கு அப்பால் மெல்லிய நீர்ப்பரப்பு கொண்ட ஒரு வட்ட முற்றம். அங்கே கூட்டம் குறைவு. முற்றத்தின் விளிம்பில் நின்றால் பள்ளிவாசலின் குவிமாடங்கள் முழுவதும் ஒரே பார்வையில் வரும், கீழே தண்ணீரிலும் வரும். பெரியம்மா அங்கே ஒரு திட்டில் உட்கார்ந்து, மடியில் செருப்பை வைத்துக்கொண்டு, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு தடவை சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை.